ஓசை குடுக்கிறவ

அப்பா அங்க நிக்காரு. தாரும் செம்மண்ணும் சேருற எடத்துல, வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம், எனக்கு முதுகக் காட்டிக்கிட்டு நிக்காரு. உச்சந்தலையில இருந்து தாடை வரைக்கும் துண்டச் சுத்தியிருக்காரு. கண்ணும் அதுக்குள்ளதான் கெடக்கு. அவருக்குப் பின்னால ஆடுக, ஆடுகளுக்குப் பின்னால நான். நான் ஓசை குடுத்தா அவரு நடப்பாரு, குடுக்கலன்னா நிப்பாரு. அவருக்கு முன்னால ஓடுறது நாலுவழிச் சாலை. குடுக்க வேண்டியதானட்டி உலகம்மான்னு எனக்குள்ள ஒருத்தி சொல்லுதா. பொறு, அந்த லாரி போவட்டும்னு இன்னொருத்தி சொல்லுதா. லாரி போயிட்டு. லாரிக்குப் பின்னால ஒரு வெள்ளக் காரு, காருக்குப் பின்னால உப்பு லோடு, உப்பு லோடுக்குப் பின்னால ரோடு காலியாத்தான் இருக்கு, ஆனா வலது கைப் பக்கம் அந்த வளைவுக்கு அந்தாண்ட என்ன வருதுன்னு எனக்கு எப்படித் தெரியும். தெரியாம எப்படி ஒரு மனுசன நடன்னு சொல்றது. இந்தா, காலியா இருந்த ரோடு இப்ப காலியா இல்ல. ஒரு பஸ். போச்சு. நான் யோசிச்ச நேரத்துல மொத்தக் கூட்டமும் தாண்டிப் போயிருக்கலாம். அப்பா திரும்பிப் பாக்கல. பாக்க மாட்டாரு. முன்னால போறவரு தலையத் திருப்புனா ஆடும் திரும்பிரும், அதனால எது நடந்தாலும் திரும்பக் கூடாதுங்கது முறை. எது நடந்தாலும். அந்த முதுகப் பாத்தா எனக்குக் கோவமா வருது. கோவம்னுதான் சொல்லிக்கிடுதேன். கோவம் வந்தா எனக்குக் காது சூடாவும். இப்ப காது சில்லுன்னு இருக்கு.

இது அம்மா வேலை. அக்கா மாரிச்செல்விக்குப் பிரசவம்னு அம்மா திருநெல்வேலிக்குப் போயிட்டா. நான் சட்டக் கல்லூரியில இருந்து படிப்பு லீவுக்கு வந்தவ, அரசியல் சட்டத்த மடியில வச்சுக்கிட்டு பட்டியில உக்காந்திருந்தவ, “உலகு, இன்னைக்கு நீதான் பின்னால”ன்னு அப்பா சொன்னதும் சண்டைக்குத்தான் போனேன். “துண்டக் கழட்டுங்கப்பா. இது செம்மணல் தேரி இல்ல, ரோடு. கண்ணத் தொறந்து ரெண்டு பக்கமும் பாத்துட்டு ஊர்ல எல்லாரும் மாதிரி போங்க”ன்னேன். “ஆடிக் காத்துல கண்ணத் தொறந்தா மண்ண அள்ளிப் போட்டுரும்ட்டி. ஒரு கண்ணு ஏற்கெனவே வெள்ள விழுந்து கெடக்கு”ன்னாரு. “அப்ப நான் முன்னால போறேன், நீங்க பின்னால நில்லுங்க.” “உன் பின்னால எந்த ஆடு வரும்? நீ போடுற சோப்பு வாசனைக்குச் செதறி ஓடிரும்.” “கண்ணாடி வாங்கித் தாரேன், பைக்குல போறவங்க போடுவாங்கல்லா.” “வாங்கிட்டு வா. அப்படியே ஒரு தொப்பியும் வாங்கு, ஆட்டுக்கு முன்னால டான்ஸ் ஆடிக்கிட்டுப் போறேன்.” நான் காலேஜ்ல பேச்சுப் போட்டிக்கு மேடையேறினா எதிர்க்கட்சிக்காரி அழுதுட்டுத்தான் எறங்குவா. எங்க அப்பாகிட்ட மட்டும் எந்த வாதமும் நிக்கிறதில்ல. அவரு பதில் சொல்றதில்ல, சிரிப்புக் காட்டிட்டுப் போயிருதாரு. போயி, துண்டச் சுத்திக்கிட்டு, ரோட்டோரத்துல, என் வாயில இருந்து ஒரு சத்தம் வரும்னு நின்னுருதாரு.

காத்து மேக்க இருந்து வீசுது. தார் மேல செம்மண்ணு பாம்பு பாம்பா நெளிஞ்சு போவுது. அதப் பாக்க நல்லாத்தான் இருக்கு, ஜெனிட்டா பாத்தா போட்டோ எடுப்பா. ஹாஸ்டல்ல என் ரூம்காரி. ஒருநாள் போனக் காட்டி, “ஏ உலகு, உங்க ஊர்ல செவப்பா பாலைவனமே இருக்காம்ல, சொல்லவே இல்ல, ரோடு வர்றதுக்கு முன்னாடி எப்படி இருந்திருக்கும், செம்ம”ன்னா. “வா, மத்தியானம் செருப்பக் கழட்டிட்டு வா, காட்டுதேன்”ன்னேன். மூஞ்சி சுருங்கிட்டு. சுருங்கட்டும். எப்படி இருந்துச்சுன்னு நான் சொல்லவா. பாதைன்னு சொன்னாலே பொய். நேத்து நடந்த தடம் இன்னைக்கு இருக்காது. காத்து ராவோட ராவா மேட்ட அள்ளிக்கிட்டுப் போயி வேற எடத்துல வச்சிரும். இந்த உடை மரத்துக்கு இடது கைன்னு மனசுல வச்சிருப்போம், மறுநாள் அந்த மரம் கழுத்து வரைக்கும் மண்ணுக்குள்ள நிக்கும், நம்மளப் பாத்து, நீ யாருன்னு கேக்க மாதிரி. ஊருக்கும் கடலுக்கும் நடுவுல மூணு பட்டி. மேலப்பட்டி எங்களுது. நடுப்பட்டியும் கடப்பட்டியும் சித்தப்பாமாருது. உடைமுள்ள வெட்டி வட்டமா அடைச்சு, உள்ள ஆடு, வாசலுக்கு ஒரு படல், ஓரமா ஆள் படுக்க ஒரு ஓலைக் குடிசை. ஒரு பட்டியில நின்னா இன்னொரு பட்டி கண்ணுக்குத் தெரியாது. சுத்தி வெறும் செவப்பு. ஒரு ஆடியில நடுப்பட்டிக்குப் போனா, மேக்கு வேலியக் காணும். வேலி மேல மண்ணு ஏறி நிக்கு. வேலியோரம் படுத்துக் கெடந்த குட்டிகள எல்லாரும் கையால தோண்டுனோம். நானும் தோண்டுனேன். என் கையில மொதல்ல பட்டது ஒரு காது. சூடா இருந்துச்சு. உயிரோட சூடா, வெயில் ஏறுன மண்ணோட சூடா, அது எனக்கு இன்னைக்கும் தெரியாது. நான் கைய எடுத்துட்டேன். சித்தப்பா வந்து இழுத்துப் பாத்துட்டு ஓரமா வச்சாரு. இத ஜெனிட்டாகிட்டச் சொன்னா, ஐயோ பாவம்னுவா. பாவம்னு சொல்லிட்டு போன நோண்டுவா. அதனால சொல்லல.

ஒரு கண்டெய்னர் வருது. அது தூரத்துல வரும்போதே கால் வழியா தெரியுது, தரை நடுங்குது, ஆடுகளுக்கு எனக்கு முன்னயே தெரியும், எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டுது. போவும்போது அடிக்கிற காத்துல அப்பாவோட வேட்டி கொடி மாதிரி அடிக்குது. அவரு ஒரு அடி பின்னால வரல. அவருக்கென்ன, கண்ணக் கட்டியாச்சு. பாக்கதெல்லாம் நான்ல. இந்த முறைய எவன் கண்டுபிடிச்சான்னு கேட்டா யாருக்கும் தெரியாது, ஆனா அந்த மண்ணுக்கு அது சரிதான், அத ஒத்துக்கிடுதேன். காத்து மாசத்துல முன்னால போறவரு காலாலதான் வழி பாப்பாரு. நெறையப் பேரு நடந்த எடம் அடியில கெட்டியா இருக்கும், தப்புனா கால் புதையும். கண்ணு எதுக்கு அதுக்கு. பின்னால வாரவ ஏ…ஹோய்னு ஓசை குடுத்துக்கிட்டே வருவா. ஓசை வந்துக்கிட்டே இருந்தா கூட்டம் சேந்து வருதுன்னு அர்த்தம். நின்னா, எதோ பின்தங்கிட்டு, எல்லாரும் இருக்க எடத்துல நில்லுன்னு அர்த்தம். வேகமாப் போன்னு சொல்றதுக்கு ஒரு ஓசை கெடையாது. பின்னால வான்னு சொல்ல கெடையாது. குனின்னு சொல்ல கெடையாது. இருக்கது ரெண்டுதான், ஓசையும் ஓசை இல்லாததும். வார்த்தை சொன்னா காத்து பிச்சு எறிஞ்சிரும், ஒண்ணும் போய்ச் சேராது. நான் சின்னப் புள்ளையில அப்பா வேட்டிய ஒரு கையில புடிச்சுக்கிட்டு, தலையில அம்மா சேலைத் துண்டப் போட்டுக்கிட்டு, அந்த ஓசையக் கேட்டுக்கிட்டே நடந்து போயிருக்கேன். துணிக்குள்ள எல்லாம் செவப்பா இருக்கும். ஒருநாள் ஓசை நின்னுட்டு. அப்பா நின்னாரு. நான் நின்னேன். ஆடு நின்னுச்சு. காத்து மட்டும் நிக்கல. பாதத்து மேல மண்ணு ஏறுது, கணுக்காலுக்கு வருது, ஓசையக் காணும். யப்பான்னேன். பேசாதன்னாரு. அம்மா செத்துட்டான்னு நெனச்சேன். நான் செத்துட்டேன்னும் நெனச்சேன், செத்தா இப்படித்தான் செவப்பா இருக்கும் போலன்னு. அப்புறம் இருமல் சத்தம். அப்புறம் ஏ…ஹோய். வாயில மண்ணு போயிட்டாம், துப்பிட்டு வந்தாளாம். அவ்வளவுதான். அப்பா நடந்துட்டாரு, ஒண்ணுமே நடக்காத மாதிரி. ஏன்னா அன்னைக்கு நின்னா ஒண்ணும் ஆவாது. மண்ணு வரும், ஏறும், ஆனா மண்ணு வந்து இடிக்காது. நிக்கிறதுதான் பத்திரம்னு நெனச்சவன் செஞ்ச முறை அது. அத அப்படியே கொண்டாந்து தார் மேல வச்சிருக்கோம். இங்க நின்னா. வேண்டாம். இங்க நின்னா என்ன ஆவும்னு நான் இப்ப யோசிக்கப் போறதில்ல.

யோசிக்கேன். ரோட்டோரத்துல போன வாரத்து நாய் ஒண்ணு கெடக்கு, நாய்னு இப்ப சொல்ல முடியாது, ஒரு பழைய கோணிச்சாக்கு மாதிரி தட்டையாயிட்டு. அதப் பாக்காத. அப்பாவப் பாரு. அப்பாவப் பாத்தா நாய் தெரியுது. இதுக்குத்தான் அன்னைக்கே கேட்டேன். ரோடு வருதுன்னு கல்யாண மண்டபத்துல கூட்டம் போட்டாங்க, நான் அப்ப பிளஸ் டூ. எந்திரிச்சு, “சார், எங்க ஆடு எப்படி அந்தப் பக்கம் போவும்”னேன். அந்த இஞ்சினியர் சிரிச்ச மூஞ்சிக்காரரு, “கால்நடைக்குன்னே தனியா சுரங்கப்பாதை வருதும்மா, மேப்புல பாரு”ன்னாரு. “மேப்புல காத்து அடிக்குமா சார்”னேன். மண்டபமே கை தட்டுச்சு. அப்பா பின்வரிசையில இருந்து என்னையப் பாத்து, உக்காரு உக்காருன்னு கையக் காட்டுதாரு, மூஞ்சி மட்டும் சிரிக்குது. அந்தக் கைதட்டல இப்ப நெனச்சா வாந்தி வருது. தட்டுன கையோட எல்லாரும் சாப்பாட்டுப் பொட்டலத்த வாங்கிட்டுப் போனாங்க. சுரங்கப்பாதையும் வந்துச்சு. உப்பளத்துப் பக்கம், நடந்து போனா ஆட்டுக்குப் பசியே செத்துப் போற தூரத்துல. மொத ஆடியிலயே தேரி மண்ணு உள்ள போயி உக்காந்துக்கிட்டு. ஜேசிபி வந்து அள்ளுச்சு. அள்ளுன மண்ண பக்கத்துலயே கொட்டுனான். மறுவாரம் அது நடந்து திரும்பி உள்ள போயிட்டு. நான் சொன்னது சரி. நான் ஜெயிச்சிட்டேன். ஜெயிச்சவ இங்க நிக்கேன், வாயத் தொறக்க முடியாம.

இடது கைப் பக்கம் தங்கப்பழம் அண்ணாச்சி ஆம்னி வேன நிறுத்தி கருப்பட்டிக் காபி போடுதாரு. நடுப்பட்டி இருந்த எடம் அதுதான். அவரு அடுப்பு வச்சிருக்க எடத்துக்கு அடியில எங்கயோதான் அந்தக் குட்டிகளப் பொதைச்சோம். சித்தப்பா ஆட்ட வித்துட்டு உப்பளத்துக்கு வாட்ச்மேனாப் போயிட்டாரு. கடப்பட்டிக்காரங்க திருப்பூருக்கே போயிட்டாங்க. நீங்களும் வித்துருங்கப்பான்னா, “வித்துட்டு காலையில எந்திரிச்சு என்னட்டி செய்ய, உன்கூட சண்டை போட்டுக்கிட்டு உக்காந்திருக்கவா”ங்காரு. அண்ணாச்சி டம்ளரக் கழுவிக்கிட்டே என்னையப் பாக்காரு. “என்ன வக்கீலம்மா, வாய்க்கு லீவு விட்டாச்சா?” “நீங்க காபிய ஆத்துங்க அண்ணாச்சி.” “ஆத்திக்கிட்டுத்தான் இருக்கேன், ஆறிப் போயிட்டு. உங்க அம்மான்னா இந்நேரம் அந்தாண்ட போயி வெத்தல போட்டுருப்பா. வந்து நிப்பா, ஒரு ஓசை, போயிருவா. என்ன தைரியம் அந்தப் பொம்பளைக்கு. நீ என்ன, வாய்தா வாங்கிட்டு நிக்க?” அவர்கிட்ட காபி குடிச்சுக்கிட்டு இருந்த டிரைவர் சிரிக்கான். வேற நேரம்னா நான் பேசுற பேச்சுல அந்த டம்ளர் நழுவியிருக்கும். இப்ப என் நாக்கு மேல் அண்ணத்துல ஒட்டிக்கிட்டு.  அம்மாவுக்கு எப்படி முடியுது. தெனமும் போறப்ப ஒரு தடவ, வாரப்ப ஒரு தடவ. அவ எந்த லாரியப் பாத்து முடிவு பண்ணுவா, எவ்வளவு தூரத்துல இருந்தா போலாம்னு எப்படிக் கணக்குப் போடுவா. படிக்காதவ. ச்சீ, இதுல படிப்பு எங்க வந்துச்சு. நான் ஏன் கேக்கல. நேத்து ராத்திரி போன்ல அக்கா வயித்தப் பத்தியும் ஆஸ்பத்திரி கேண்டீன் இட்லியப் பத்தியும் பேசுனாளே, அப்ப ஏன் நான் கேக்கல.

வலது கைப் பக்கம் வளைவு காலி. பாக்கேன். காலி. இன்னும் காலி. காதக் குடுத்துக் கேக்கேன், காத்துச் சத்தம், ஆட்டு மூச்சு, அண்ணாச்சி ரேடியோ. ஒண்ணும் இல்ல. இதுதான். இத விட்டா அப்புறம் உச்சி வெயில், ஆடு அலைய ஆரம்பிச்சிரும். குட்டி ஒண்ணு ஏற்கெனவே வெள்ளக் கோட்ட மோந்து பாக்குது. குடு. ஏ…ஹோய். வந்துட்டு, என் வாயில இருந்துதான் வந்துச்சு, வேற யாரோ கூப்பிட்ட மாதிரி மெலிசா வந்துச்சு, ஆனா அப்பா கால எடுத்துட்டாரு. யோசிக்கவே இல்ல. ஒரு கால் வெள்ளக் கோட்டத் தாண்டிட்டு, ரெண்டாவது கால். ஆடு எல்லாம் ஒரு துணிய இழுத்த மாதிரி அவரு பின்னால போவுது. ஏ…ஹோய். நிப்பாட்டக் கூடாது. ஏ…ஹோய். வேகமாப் போங்கப்பா, தேரியில நடக்க மாதிரி அழுத்தி அழுத்திப் பாதம் வைக்காரு, இது தாருப்பா, பொதையாது, தூக்கி வைங்க. சொல்ல முடியாது. ஏ…ஹோய். மொத வழி தாண்டப் போறாரு, ரெண்டாவது வழிக்குப் போறாரு. நான் வலது கையவே பாக்கேன், வளைவையே பாக்கேன், கழுத்து அப்படியே இறுகிப் போச்சு. அப்ப அண்ணாச்சி ஏலேய்ங்காரு. யாரப் பாத்து ஏலேய்ங்காரு. எடது கை. எடது கைப் பக்கம் ஒரு குட்டியானை வண்டி, தண்ணி கேன் ஏத்துனது, தப்பு வழியில எதிர்த்தாப்புல வாரான். திரும்புற எடம் ரொம்பத் தூரம்னு ஊர்ல எல்லாரும் இப்படித்தான் வாராங்க, காபி குடிக்கக்கூட இப்படித்தான் வாராங்க, நானே பைக்குல பின்னால உக்காந்து இப்படி வந்திருக்கேன். நடுத்திட்ட ஒட்டி வாரான். அப்பா நடுத்திட்டப் பாத்துத்தான் போறாரு. நான் ஓசை குடுத்தா அப்பா அவன் முன்னால போயி நிப்பாரு. நான் குடுக்கலன்னா

குடுக்கல. வாயப் பொத்திட்டேன், ரெண்டு கையாலயும். அப்பா நின்னுட்டாரு. தூக்குன கால எறக்கி வச்சு அப்படியே நின்னுட்டாரு, நாலுவழிச் சாலையில, ரெண்டு வழிக்கும் நடுவுல, மூஞ்சில துண்டோட. ஆடு நின்னுட்டு. தண்ணி வண்டிக்காரன் ஆரன அமுக்கிக்கிட்டே அவரு நெஞ்சுக்கு முன்னால போனான், காத்துல துண்டு நுனி அவன் வண்டிப் பக்கம் பறந்துச்சு, திரும்பி அவரு தோள்ல விழுந்துச்சு. போயிட்டான். போயிட்டான். அப்பா நிக்காரு. ஓசை நின்னுட்டு, அதனால நிக்காரு. எதோ குட்டி பின்தங்கிட்டுன்னு நெனச்சுக்கிட்டு பத்திரமா நிக்காரு. காலுக்கடியில தரை நடுங்குது. வலது கை. வளைவுல ஒரு பஸ். கூப்பிடு. வாயத் தொறக்கேன், காத்துதான் வருது. கூப்பிடுட்டி. யப்பான்னு கத்துதேன், யப்பா நடங்க, ஓடுங்க, வார்த்தையா வருது, காத்து எடுத்துக்கிட்டுப் போவுது, அவரு கல்லு மாதிரி நிக்காரு. அவருக்கு வார்த்தை வேண்டாம். இவ்வளவு பேசுனியே, இவ்வளவு வாயாடுனியே, ஒரே ஒரு சத்தம் வரலயாட்டி உனக்கு. பஸ்ஸோட கண்ணாடியில வெயில் மின்னுது. அவன் ஆரன் அடிக்கான். அந்த ஆரன் நிக்கல. என் அடிவயித்துல இருந்து எதோ கிளம்பி, தொண்டையக் கீறிக்கிட்டு, ஆடு கத்துற மாதிரி, பொம்பள அழுவுற மாதிரி வந்துச்சு. அது ஏ…ஹோய்தானான்னு தெரியல. அப்பா கால எடுத்து வச்சாரு.

ஆடுகளோட நானும் ஓடியிருக்கேன். நடுத்திட்டு மேல என் ரெண்டு கையும் இருக்கு, முட்டியில ரத்தம், முதுகுக்குப் பின்னால பஸ் போன காத்துல என் தாவணி முன்னால பறக்குது. எல்லாம் இந்தப் பக்கம். குட்டி? குட்டி இந்தப் பக்கம். இங்க உக்காந்து அழ முடியாது. நடுத்திட்டு பூராவும் அரளி நட்டு வச்சிருக்கான். ஒரு ஆள் போற அகலத்துக்கு நாங்க வெட்டி வழி பண்ணியிருக்கோம், அதுக்கு ரெண்டு பக்கமும் பூவும் எலையுமா நிக்கு. பெரிய ஆடு தொடாது, விஷம்னு தெரியும். குட்டிக்கு என்ன தெரியும். அது கழுத்த நீட்டுது. அப்பா அந்த வழியாப் போயி, நடுத்திட்டோட அந்தப் பக்கத்து ஓரத்துல முதுகக் காட்டிக்கிட்டு நின்னுட்டாரு. திரும்பல. இப்பவும் திரும்பல. பொறுமையா நிக்காரு, அடுத்த ஓசைக்கு. இந்தத் தடவ எடதும் பாத்தேன் வலதும் பாத்தேன், எதிர்த்தாப்புலயும் பாத்தேன், வானத்தக்கூடப் பாத்திருப்பேன். குடுத்தேன். எப்படிப் போனோம்னு தெரியாது.

தேரிக்குள்ள ஏறி, உடை மரத்துக் கூட்டத்துக்குப் பக்கத்துல மண்ணு காலக் கடிக்க ஆரம்பிச்ச பெறகுதான் அப்பா துண்ட அவுத்தாரு. வேர்த்து, மூச்சு வாங்கி, சாதாரணமா இருந்தாரு. ஆடு மரத்தடியில நெத்துப் பொறுக்கப் போயிட்டு. “ஏன்ட்டி நடுவுல நிப்பாட்டுன? குட்டி எதும் நின்னுட்டா?” “தண்ணி வண்டி வந்துச்சு.” “எங்க இருந்து?” “எடது கையில. எதிர்த்தாப்புல. உங்க மூஞ்சிக்கு முன்னால போனான்.” அவரு கொஞ்ச நேரம் ரோட்டப் பாத்தாரு. நல்ல கண்ணாலயும் பாத்தாரு, வெள்ள விழுந்த கண்ணாலயும் பாத்தாரு. “அதான் காத்து ஒரு மாதிரி சூடா அடிச்சுச்சா”ன்னாரு. அப்புறம், “ரோடு போட்டதுல இருந்து உங்க அம்மா ஒருநாளும் நடுவுல நிப்பாட்டுனது இல்ல”ன்னாரு, குத்தமாச் சொல்லல, அவளுக்குக் கை ராசி இருக்குங்க மாதிரி சொன்னாரு.

நான் மரத்துக்கு அந்தப் பக்கம் போயி அம்மாவுக்குப் போன் போட்டேன். ரெண்டு தடவ தப்பா அமுக்குனேன். எடுத்ததுமே பின்னால ஒரு பிஞ்சுச் சத்தம் வீல்னு கேக்குது. “பொறந்துட்டுட்டி, பொம்பளப் புள்ள, இப்பத்தான்”ங்கா அம்மா. சிரிக்கா, மூக்க உறிஞ்சுதா. அக்கா நல்லா இருக்காளான்னு கேட்டேன். நல்லாத்தான் இருக்கான்னா. கேட்டுட்டு, “எம்மா, ரோட்டுல நீ எப்படிம்மா பாப்ப? எந்த அளவுக்கு வண்டி வந்தா குடுப்ப, எதுக்கு நிப்பாட்டுவ? எதிர்த்தாப்புல வந்தா என்ன செய்வ?”ன்னேன்.  அம்மா யார்கிட்டயோ, இந்தா வாரேன்னு சொல்லுதா. அப்புறம் குரலத் தாழ்த்திக்கிட்டு, “எங்கட்டி பாக்கது. அதப் பாத்துக்கிட்டே ஒருத்திக்கு ஓசை வருமா? கண்ண இறுக்கி மூடிக்கிடுவேன். காதுல லாரிச் சத்தம் இல்லன்னா குடுக்க ஆரம்பிச்சிருவேன், அந்தப் பக்கம் மண்ணு கால்ல பட்டாத்தான் தொறப்பேன். தேரியிலயும் அப்படித்தான வந்தேன்”ன்னா.  புள்ள அழுவுது. “அப்பாட்டச் சொல்லிராத, என்ன? அந்த மனுசன் என் கண்ண நம்பித்தான் போறாரு.”

திரும்பி வந்தேன். அப்பா மண்ணுல உக்காந்து கால்ல குத்துன முள்ள எடுத்துக்கிட்டு இருந்தாரு. ரோட்டுச் சத்தம் இங்க வரைக்கும் கேக்குது, நிக்கவே மாட்டேங்குது. இவ்வளவு நாளு. அவரு கண்ணக் கட்டிக்கிட்டு, அவ கண்ண மூடிக்கிட்டு, நடுவுல ஆடு. ஆடு மட்டுந்தான் அந்த ரோட்டுல கண்ணத் தொறந்திருந்துச்சு. “என்னட்டி சொல்லுதா உங்க அம்மா?” சொல்லணும். இப்பச் சொல்லணும். சொன்னா நாளைக்கு இவரு கால் எழும்புமா, அவ வந்து பின்னால நின்னா இவருக்கு நடை வருமா. சொல்லலன்னா, அம்மா வார வரைக்கும் நான் இருக்கேன். அவ வந்த பெறகு மறுபடியும் மூடுன கண்ணுதான். எனக்கு வாதமே வரல. “பொம்பளப் புள்ளையாம்ப்பா. அக்கா நல்லா இருக்காளாம்”ன்னேன். அவரு கைல இருந்த முள்ளக் கீழ போட்டுட்டு, ரெண்டு கையையும் மண்ணுல ஊணிக்கிட்டு வானத்தப் பாத்துச் சிரிச்சாரு. சிரிச்சு முடிச்சு, எந்திரிச்சு, துண்ட ஒதறித் தோள்ல போட்டாரு. “சாயங்காலம் வாரப்ப இப்படி யோசிச்சிக்கிட்டு நிக்காத. உங்க அம்மா குடுக்க மாதிரி குடு, என்ன?”